பஸ்ஸில் போன எம்.எல்.ஏ.

வருஷத்துக்கு இரண்டு தரமாவது ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. தேர்தல் சமயமாக இருந்தால் இன்னும் கூடுதலாக வரும். வயதான ஒரு மனிதர். கீழே நாலு வரி: 11 முறை எம்.எல்.ஏ., அரசு பஸ்ஸில்தான் போவார், காசு சேர்க்கவில்லை, இப்படியும் ஒருவர் இருந்தார், பகிருங்கள். ஆபீஸ் குரூப்பில் யாராவது போடுவார்கள். பத்துப் பேர் கும்பிடு போடுவார்கள். பதினோராவது ஆள் 'நம்ம எம்.எல்.ஏ.வும் இருக்காரே' என்று ஒரு பெருமூச்சு விடுவார். அதோடு சரி, அடுத்து யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து ஓட ஆரம்பித்துவிடும்.

படத்தில் இருப்பவர் கணபத்ராவ் தேஷ்முக். மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் மாவட்டம், சாங்கோலா தொகுதி. 2021 ஜூலை 30ஆம் தேதி, 90 வயதைத் தாண்டி, இறந்துபோனார். அந்த மனிதர் மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. என் சண்டையெல்லாம் கீழே இருக்கிற அந்த நாலு வரியோடுதான். அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு மனிதர் செய்த வேலையை ஒரு பஸ் டிக்கெட்டாக மடித்து நாம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டோம். கிராமத்து எம்.எல்.ஏ.வுக்கு என்ன வேலை, அவரால் எது முடியும், எது முடியாது என்று யோசிக்க இவரைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஆனால் நாம் பஸ்ஸைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மகாராஷ்டிரா தனி மாநிலமானது 1960 மே 1. அதற்குப் பிறகு நடந்த முதல் தேர்தல் 1962. அதில் சாங்கோலாவிலிருந்து முதல் முறை ஜெயித்தார் தேஷ்முக். 1967இல் மறுபடியும். 1972இல் தோல்வி, பங்களாதேஷ் போருக்குப் பின் நாடு முழுக்க காங்கிரஸ் அலை அடித்த நேரம் அது. 1974இல் இடைத்தேர்தல் வந்தது, திரும்ப உள்ளே வந்தார். 1978, 1980, 1985, 1990 என்று வரிசையாக வெற்றி. 1995இல் நூலிழையில் தோற்றார். 1999, 2004, 2009, 2014 மறுபடி வெற்றி. மொத்தம் 11. 2019இல் வயதைக் காரணம் காட்டி நிற்கவில்லை.

நம்மூர்க்காரர்களுக்கு இங்கே கலைஞர் ஞாபகம் வந்திருக்கும். கலைஞர் 1957 குளித்தலையில் தொடங்கி 2016 திருவாரூர் வரை 13 முறை நின்று 13 முறையும் ஜெயித்தவர். அந்தச் சாதனை வேறு ரகம். அவர் 7 தொகுதிகளில் மாறி மாறி நின்றார். கட்சித் தலைவர் எங்கே நின்றாலும் கட்சி அவரைத் தூக்கிச் சுமக்கும். தேஷ்முக்குக்கு ஒரே தொகுதி, ஒரே கட்சி. கேரளத்தில் பாலாவின் கே.எம். மாணி, புதுப்பள்ளியின் உம்மன் சாண்டி என்று ஒரே தொகுதியில் வேர் விட்டவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் கட்சிகள் ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் ஆட்சிக்கு வந்து போகிற கூட்டணிகளில் இருந்தவை. தேஷ்முக் இருந்த கட்சி அப்படி இல்லை.

அந்தக் கட்சியின் பெயர் ஷேத்கரி காம்கார் பக்ஷ. உழவர்கள், தொழிலாளர்கள் கட்சி என்று அர்த்தம். இங்கே சுருக்கமாக ஷேகாப் என்பார்கள். சுதந்திரம் வந்த கையோடு, காங்கிரஸ் பணக்கார முதலாளிகள் பக்கம் சாய்ந்துவிட்டது என்று சொல்லி சங்கர்ராவ் மோரே, கேசவ்ராவ் ஜேதே போன்றவர்கள் வெளியே வந்து தொடங்கியது. செங்கொடிதான், ஆனால் கம்யூனிஸ்டுகள் இல்லை. ஐம்பதுகளில் மகாராஷ்டிரத்தின் பெரிய எதிர்க்கட்சிகளில் ஒன்று. அதற்கப்புறம் தேய்ந்துகொண்டே வந்தது. ஜேதேயும் மோரேயும்கூட பிறகு காங்கிரசுக்கே திரும்பிப் போனார்கள். தேஷ்முக் போகவில்லை. வக்கீலுக்குப் படித்த அந்த ஆள், தேய்கிற கட்சியில் இருந்துகொண்டே ஒரு தாலுகாவை மட்டும் கடைசி வரை பிடித்துக்கொண்டிருந்தார்.

சாங்கோலா எங்கே இருக்கிறது? பண்டரிபுரம் தெரியும் அல்லவா, விட்டலன் கோயில்? அங்கிருந்து மிரஜ் போகிற ரயில் பாதையில், முப்பது கிலோமீட்டர் சொச்சம் போனால் சாங்கோலா. சஹ்யாத்ரி மலை மழை மேகத்தையெல்லாம் மேற்கிலேயே கறந்துவிடும். இந்தப் பக்கம் மிஞ்சி வருவது வருஷத்துக்கு 500 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதுவும் சில வருஷம் வராது. மாண் என்று ஒரு ஆறு உண்டு, பெரும்பாலான மாதங்களில் மணல்தான். சோளமும் கம்பும் ஆடு மாடும்தான் அந்த மண்ணின் பிழைப்பு. தேஷ்முக் பிறந்த தன்கர் சமூகமே ஆடு மேய்க்கும் சமூகம்.

பக்கத்து மாவட்டங்களில், ஆற்றங்கரையில் இருக்கிறவன் கரும்பு போட்டு, சர்க்கரை ஆலை வைத்து, அந்த ஆலையிலிருந்தே எம்.எல்.ஏ.வும் அமைச்சரும் ஆகிறான். இந்தப் பக்கத்து ஆள் மூட்டை கட்டுகிறான். நம்மூர் நகைக்கடைத் தெருக்களில் பழைய தங்கத்தை உருக்கித் தருகிற மராத்திக்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். சேட்டு என்று பொதுவாகச் சொல்லிவிடுவோம். அவர்களில் பலர் சேட்டு இல்லை. சாங்கோலாவை ஒட்டிய ஆட்பாடி, கானாப்பூர் தாலுகாக்களிலிருந்து கிளம்பிய விவசாயக் குடும்பங்கள். கலாயி வேலை என்று அந்தத் தொழிலுக்குப் பெயர். கிணறு வறண்டு, கழனி காய்ந்து, இந்தியாவின் ஊர் ஊராகத் தங்கம் உருக்கப் போனார்கள். தண்ணீர் இருந்திருந்தால் யாரும் கோயம்புத்தூருக்கு வந்து அமிலப் புகையில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

ஆக, இந்த மாதிரி ஒரு தொகுதிக்கு எம்.எல்.ஏ. ஆனால் உங்கள் முன்னால் ஒரே ஒரு கேள்விதான். தண்ணீர்.

ஆனால் தினசரி வாசலுக்கு வருவது தண்ணீர் இல்லை. எந்த மாநிலத்திலும் கிராமத்து எம்.எல்.ஏ. வீட்டு வாசலை காலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். ரேஷன் கார்டில் பேர் விட்டுப்போனவர், மகனுக்கு ஜாதி சான்றிதழ் கிடைக்காதவர், டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து நாலு நாள் ஆன ஊர்க்காரர்கள், மாற்றல் கேட்கும் வாத்தியார், போலீஸ் ஸ்டேஷனில் தம்பி உட்கார்ந்திருக்கிறான் என்று ஓடி வரும் அண்ணன். ஒன்பது மணிக்கு மேல் கல்யாணம், காது குத்து, எழவு வீடு. இந்த வேலைகளில் ஒன்றுகூட அரசியல் சட்டத்தில் எம்.எல்.ஏ.வுக்குச் சொல்லப்பட்டதில்லை. தாசில்தார் ஆபீஸ் ஒழுங்காக நடந்தால் இந்தக் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் வரவே மாட்டார்கள். ஆபீஸ் ஒழுங்காக நடக்காததால்தான் எம்.எல்.ஏ.வுக்கு மவுசு. இந்த ரகசியம் எம்.எல்.ஏ.க்களுக்கு நன்றாகத் தெரியும்.

பஸ் விஷயம் இங்கேதான் வருகிறது. பஸ்ஸில் போகிற எம்.எல்.ஏ.விடம் பஸ்ஸிலேயே மனு கொடுக்கலாம். புனேயில் நான் இருக்கும் குடியிருப்பில் ராத்திரிக் காவலுக்கு இருந்த காகா ஒருவர் சாங்கோலா பக்கத்து ஆள். ஆபா (தேஷ்முக்கை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், அப்பா மாதிரி ஒரு விளிப்பு) இறந்த செய்தி வந்த அன்றைக்கு அவரிடம் கேட்டேன், அவர் பஸ்ஸில் போவதால்தான் ஓட்டுப் போட்டீர்களா என்று. காகா சிரித்தார். "பஸ்ஸில் நானும்தான் போகிறேன், எனக்கு யார் ஓட்டுப் போட்டார்கள்? எங்கள் ஊருக்கு எந்தக் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் என்று அவருக்குத் தெரியும். அதற்குத்தான்" என்றார்.

இந்தப் பதில் எனக்குப் போதும். எளிமைக்கு ஓட்டு விழும் என்றால் கக்கன் 1967இல் மேலூரில் தோற்றிருக்க மாட்டார். எளிமையை நாம் செத்த பிறகு கொண்டாடுவோம், இருக்கும்போது தோற்கடிப்போம். சாங்கோலா மக்கள் நம்மைவிடச் சமத்து. எளிமையைக் கும்பிட்டுவிட்டு, வேலைக்கு ஓட்டுப் போட்டார்கள்.

அந்த வேலை என்ன? இரண்டு உதாரணம் சொல்கிறேன். ஒன்று என் சம்பளச் சீட்டிலேயே இருந்தது.

மகாராஷ்டிரத்தில் மாதச் சம்பளம் வாங்குகிற எங்களுக்கு தொழில் வரி என்று 200 ரூபாய் பிடிப்பார்கள். பிப்ரவரியில் மட்டும் 300. வருஷத்துக்கு 2500. ஐ.டி. கம்பெனிகளில் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்த வரி எதற்காக வந்தது தெரியுமா? 1972இல் மகாராஷ்டிரத்தைப் புரட்டிப்போட்ட பஞ்சம். கிராமங்களில் லட்சக்கணக்கானவர்கள் கல் உடைக்கும் வேலைக்கு வந்து நின்றார்கள். வேலை கேட்டு வருகிறவனுக்கு வேலை கொடுத்தே தீர வேண்டும் என்ற யோசனையை மேலவைத் தலைவராக இருந்த வி.எஸ். பாகே முன்வைத்தார். அவர் காங்கிரஸ். வேலையும் கூலியும் கேட்டு வெளியே தெருவில் நின்றவர்கள் ஷேகாப், கம்யூனிஸ்டுகள், சோஷலிஸ்டுகள். அந்தத் திட்டத்துக்குப் பணம் சேர்க்க நகரத்துச் சம்பளக்காரர்கள் மேல் 1975இல் தொழில் வரி போட்டார்கள். 1977இல் வேலை உறுதிச் சட்டம் நிறைவேறியது. அமலுக்கு வந்தது 1979 ஜனவரி 26, சரத் பவார் முதல் முறை முதல்வராக இருந்த கூட்டணி ஆட்சியில். அந்த ஆட்சியில் தேஷ்முக் அமைச்சர். பிறகு 2005இல் நாடு முழுக்க நூறு நாள் வேலைச் சட்டம் வந்தபோது அதற்கு முன்மாதிரி இந்த மகாராஷ்டிரச் சட்டம்தான்.

சட்டசபை என்கிற இடம் எதற்கு என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். புனே, மும்பைக்காரன் சம்பளத்திலிருந்து இருநூறு ரூபாயை எடுத்து சாங்கோலாவில் மண் வெட்டுகிறவள் கையில் கூலியாகக் கொடுக்க வைத்தது எந்த எம்.எல்.ஏ.வின் தொகுதி நிதியும் இல்லை. ஒரு சட்டம். வாசலில் வாங்கிய ஆயிரம் மனுக்கள் செய்யாததை அது செய்தது. தேஷ்முக் மட்டும் செய்தார் என்று சொல்ல வரவில்லை. பல கட்சிக்காரர்கள், வெளியே பல ஆயிரம் பேர் சேர்ந்து இழுத்த தேர் அது.

இரண்டாவது உதாரணம், தண்ணீர்.

கிருஷ்ணா நதி நீரைப் பங்கிட்ட பச்சாவத் ஆணையம் தன் தீர்ப்பில் மகாராஷ்டிரத்துக்கு 560 டி.எம்.சி. ஒதுக்கியது. 2000 மே 31க்குப் பிறகு தீர்ப்பை மறுபடி பரிசீலிக்கலாம் என்றும் சொல்லியிருந்தது. அதற்குள் தண்ணீரைத் தேக்கிக் காட்டவில்லை என்றால் பங்கு போய்விடும் என்ற பயம் மாநிலத்தில் பிடித்துக்கொண்டது. 1996இல் கிருஷ்ணா பள்ளத்தாக்கு வளர்ச்சிக் கழகம் என்று ஒன்றை உண்டாக்கி, எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் வேலையைத் தொடங்கினார்கள். எல்லா இடத்திலும் தொடங்கினால் எந்த இடத்திலும் முடியாது. கராட் பக்கத்தில் தேம்பு என்ற இடத்தில் கிருஷ்ணாவிலிருந்து தண்ணீரைப் பம்பு வைத்து படிப்படியாக மேலே ஏற்றி, கானாப்பூர், ஆட்பாடி, சாங்கோலா வரைக்கும் கொண்டு போகிற திட்டம் அதில் ஒன்று.

இதற்கு எத்தனை ஆயிரம் கோடி ஆகும் என்று யோசியுங்கள். மகாராஷ்டிரத்தில் ஒரு எம்.எல்.ஏ.வின் தொகுதி மேம்பாட்டு நிதி 2022இல் உயர்த்திய பிறகே வருஷத்துக்கு 5 கோடிதான். அதை வைத்து சமுதாயக் கூடம் கட்டலாம், நிழற்குடை கட்டி பேர் போட்டுக்கொள்ளலாம். ஆற்றை மலை ஏற்ற முடியாது. அதை அரசாங்கம்தான் செய்ய வேண்டும். எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. எப்படி அரசாங்கத்தைச் செய்ய வைப்பது?

தேஷ்முக் எடுத்த வழி இது. வாள்வாவின் நாக்நாத் நாயக்வாடி (பிரிட்டிஷ்காரன் காலத்தில் சாத்தாரா போட்டி சர்க்காரில் துப்பாக்கி தூக்கியவர்), ஷ்ரமிக் முக்தி தளத்தின் பாரத் பாடண்கர், இவர்களோடு சேர்ந்து தொண்ணூறுகளில் தண்ணீர்ப் போராட்டம் ஒன்றைக் கட்டினார்கள். சாங்கோலாவுக்கு மட்டும் தண்ணீர் கொடு என்று கேட்கவில்லை. மாவட்ட எல்லையெல்லாம் பார்க்காமல் வறண்ட 13 தாலுகாக்கள் சேர்ந்து கேட்டன. ஆட்பாடியில் வருஷா வருஷம் மாநாடு. கோரிக்கையிலும் ஒரு விசேஷம் உண்டு. கால்வாய் ஓரத்தில் நிலம் வைத்திருப்பவன் கரும்பு போட்டு மொத்தத்தையும் குடித்துவிடக் கூடாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும், நிலம் இல்லாதவன் உட்பட, பங்கு வேண்டும் என்றார்கள். சாகுபடி நிலத்தில் ஒரு சிறு பங்கைப் பிடித்துக்கொண்டு பாசனத் தண்ணீரில் பாதிக்கு மேல் குடிக்கிற கரும்பின் மாநிலத்தில், இது சாதாரணப் பேச்சு இல்லை.

பலன்? தேம்பு தண்ணீர் சாங்கோலாவின் ஒரு பகுதிக்கு வந்தது. அவர் கண்ணாலேயே பார்த்தார். எல்லா ஊருக்கும் வரவில்லை. 2019 கோடையில் சாங்கோலா தாலுகாவில் ஊருக்கு ஊர் மாட்டு முகாம் போட்டிருந்தார்கள். தீவனமும் தண்ணீரும் இல்லாமல், மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து குடும்பத்தோடு முகாமிலேயே படுத்துக் கிடந்தார்கள் ஜனங்கள். 1962இல் ஜெயித்தவர் ஓய்வு பெற்ற வருஷம் அது. 57 வருஷம்.

இங்கேதான் எதிர்க்கேள்வி வருகிறது. அந்தக் கேள்வியை மழுப்பக் கூடாது. ஆபா காங்கிரசுக்குப் போயிருந்தால் தண்ணீர் இருபது வருஷம் முன்னாடியே வந்திருக்காதா? 1978இல் ஒரு முறை, 1999இல் விலாஸ்ராவ் தேஷ்முக் ஆட்சியில் ஒரு முறை அமைச்சராக இருந்தார். இரண்டும் குறுகிய காலம். முதல் ஆட்சியை 1980இல் டில்லி கலைத்தது. இரண்டாவதில் 2002இல் கட்சி ஆதரவை வாபஸ் வாங்கியதும் பதவியை விட்டு இறங்கினார். பாராமதியைப் பாருங்கள், கராடைப் பாருங்கள், ஆளும் பக்கம் இருந்த தலைவர்களின் ஊர்களில் தண்ணீர் ஓடவில்லையா? கொள்கை, கொடி, விசுவாசம் எல்லாம் சரி. என் மாடு தண்ணீர் இல்லாமல் சாகிறதே என்று ஒரு சாங்கோலாக்காரன் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

இது கற்பனைக் கேள்வி இல்லை. சாங்கோலாவிலேயே இதற்கு நேர் எதிர் வழியில் போன அரசியல்வாதி உண்டு. ஷஹாஜிபாபு பாட்டில். 1995இல் ஆபாவைத் தோற்கடித்தவர் இவர்தான், அப்போது காங்கிரஸ். 2014இல் சிவசேனா வேட்பாளராக ஆபாவிடம் தோற்றார். 2019இல் ஆபாவின் பேரன் அனிகேத் தேஷ்முக்கை 768 ஓட்டில் ஜெயித்தார். 2022 ஜூனில் ஏக்நாத் ஷிண்டேயோடு கிளம்பிப் போய் குவாஹாட்டி ஓட்டலில் தங்கிய எம்.எல்.ஏ.க்களில் ஒருவர். அங்கிருந்து ஊர்க்காரர் ஒருவரிடம் போனில் பேசும்போது அந்த இடத்தின் மரத்தையும் மலையையும் ஓட்டலையும் கிராமத்து மராத்தியில் வியந்து தள்ளினார். அந்தப் பேச்சு வெளியாகி, பாட்டாகி, டி-ஷர்ட்டில் வரைக்கும் வந்தது. 11 முறை ஜெயித்த ஆளைத் தெரியாதவனுக்கும் அந்த ஒரு போன் காலால் சாங்கோலா தெரிந்துபோனது.

அவரைக் கிண்டல் செய்வது சுலபம். நான் செய்யப்போவதில்லை. தொகுதிக்கு நிதி வேண்டும், தண்ணீர் வேண்டும், அதற்கு ஆளும் பக்கம் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். இந்தியாவில் கட்சி மாறுகிற முக்கால்வாசி கிராமத்து எம்.எல்.ஏ.க்கள் சொல்கிற வாதம் அது. எல்லோரும் பணம் வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள் என்று நினைத்தால் பாதிதான் புரிந்துகொண்டோம் என்று அர்த்தம். எதிர்க்கட்சித் தொகுதிக்கு நிதி கொடுக்காமல் காயவிடுவது எல்லா மாநிலத்திலும் எல்லாக் கட்சியும் செய்கிற வேலை. அந்தக் காய்ச்சல்தான் பல பேரைத் துரத்துகிறது. 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது, 2003இல் அதை இறுக்கினார்கள், ஆனால் நிதியைக் காட்டி இழுப்பதை எந்தச் சட்டமும் தொடவில்லை.

இருந்தாலும், என்னைக் கேட்டால், ஆபா வழிதான் சரி என்பேன். கொள்கைப் பிடிப்பு அழகாக இருக்கிறது என்பதற்காக இல்லை. கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

வறண்ட தாலுகாக்கள் 13. ஒவ்வொரு எம்.எல்.ஏ.வும் தனித்தனியாக ஆளும் பக்கம் போய் தன் தொகுதிக்கு ஒரு கிளைக் கால்வாய் வாங்கி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அளவு கூடப்போவதில்லை. இன்றைக்கு இவருக்குக் கிடைப்பது நாளைக்கு அடுத்த தாலுகாக்காரர் தாவினால் அவருக்குப் போகும். ஆட்சி மாறினால் மூன்றாவது ஆளுக்குப் போகும். தனியாகப் பேரம் பேசி வாங்கியதைத் தனியாகத்தான் இழக்க வேண்டும். ஆற்றங்கரைக் கரும்புக்காரர்களுக்கு இது ரொம்ப வசதி, ஏனென்றால் அவர்கள் எந்த ஆட்சியிலும் சேர்ந்தே இருப்பார்கள். 13 தாலுகாவும் சேர்ந்து, பங்கு முறைப்படி எல்லோருக்கும் வேண்டும் என்று கேட்டபோதுதான் அது ஒரு உரிமையாக எழுத்தில் ஏறியது. அந்தக் கூட்டத்தைச் சேர்க்க, நாளைக்கு விலைபோக மாட்டான் என்று மற்றவர்கள் நம்புகிற ஒரு ஆள் வேண்டும். ஒரே கட்சியில் 57 வருஷம் இருந்ததன் பயன் அதுதான். ஒழுக்க சர்டிபிகேட் வாங்கவா அங்கே உட்கார்ந்திருந்தார்?

காத்திருந்த காலத்தில் ஜனங்களும் சும்மா இல்லை. பண்ணைக் குட்டை வெட்டி, சொட்டு நீர் போட்டு, மாதுளை வைத்தார்கள். சாங்கோலா மாதுளை வெளிநாடு போனது. 2020 டிசம்பர் 28இல் நாட்டின் நூறாவது கிசான் ரயில் கிளம்பியது சாங்கோலா ஸ்டேஷனிலிருந்துதான், மேற்கு வங்கத்து ஷாலிமாருக்கு. தேஷ்முக் முன்னின்று நடத்திய கூட்டுறவு நூற்பாலை ஒன்றும் அங்கே உண்டு. மகாராஷ்டிரத்தில் கூட்டுறவு ஆலை என்றாலே தலைவர் குடும்பம் செழித்து ஆலை திவாலாகிற கதைதான் அதிகம். அந்தப் பட்டியலில் சாங்கோலா ஆலையின் பெயர் வருவதில்லை.

அவரிடம் குறையே இல்லையா? இருக்கிறது. அந்த வாட்ஸ்அப் படம் சொல்லாத பாதி இது. ஒரு தாலுகாவைக் காப்பாற்றினார், கட்சியைக் காப்பாற்றவில்லை. 288 பேர் உட்காரும் சபையில் ஷேகாப் இரண்டு கை விரல்களுக்கு, பிறகு ஒரு கை விரல்களுக்குச் சுருங்கியது. 2014இல் 87, 88 வயதிலும் அவரே நிற்க வேண்டியிருந்தது என்றால், நடுவில் ஐம்பது வருஷம் அடுத்த ஆளைத் தயார் செய்யவில்லை என்றுதான் அர்த்தம். கடைசியில் வந்தது யார்? பேரன். 2019இல் ஒரு பேரன் நின்று தோற்றார். 2024இல் இன்னொரு பேரன் பாபாசாஹேப் தேஷ்முக் நின்று, மும்முனைப் போட்டியில் ஷஹாஜிபாபுவைத் தோற்கடித்து ஜெயித்தார். அந்தத் தேர்தலில் மாநிலம் முழுக்க ஷேகாப் ஜெயித்த ஒரே இடம் அது. வாரிசு அரசியலை எதிர்த்து நாள் முழுக்கப் பேசக்கூடிய கட்சிக்கு மிஞ்சிய ஒரே எம்.எல்.ஏ. வாரிசு. இதை எழுதும்போது எனக்குக் கசக்கத்தான் செய்கிறது. ஆனால் மழுப்பி எழுதினால் நாலு வரிப் படத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பேரனுக்கு ஓட்டுப் போட்டவர்கள் தாத்தாவின் பஸ்ஸுக்காகப் போட்டார்களா, கிணற்றுக் கணக்குக்காகப் போட்டார்களா என்பது போகப் போகத் தெரியும். ஒரே ஒரு உறுப்பினர் உள்ள கட்சிக்கு சபையில் பேசக் கிடைக்கும் நிமிஷங்கள் குறைவு. தாவச் சொல்லி வரும் அழைப்புகள் அதிகம். தாத்தா 57 வருஷம் தாங்கிய நெருக்கடியை அவர் எத்தனை வருஷம் தாங்குவார் என்று சாங்கோலா பார்த்துக்கொண்டிருக்கும்.

நம்மைப் போல வெளியூரில் உட்கார்ந்து சொந்த ஊர் எம்.எல்.ஏ.வைத் திட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். அவர் என்ன காரில் போகிறார் என்று பார்க்க வேண்டாம். மூன்று விஷயம் பாருங்கள். உங்கள் தொகுதியின் பெரிய பிரச்சினை எது என்று அவருக்கு ஒரே வரியில் சொல்லத் தெரிகிறதா? அதைப் பற்றி சட்டசபையில் என்ன கேட்டார், எத்தனை முறை கேட்டார்? அதே பிரச்சினை இருக்கிற பக்கத்துத் தொகுதிக்காரர்களோடு, வேறு கட்சியாக இருந்தாலும், சேர்ந்து எதையாவது செய்தாரா? மூன்றுக்கும் பதில் இல்லை என்றால் அவர் பஸ்ஸில் போனாலும் ஒன்றுதான், படகுக் காரில் போனாலும் ஒன்றுதான்.

அடுத்த தடவை அந்தப் படம் என் குரூப்பில் வந்தால் கும்பிடு போட மாட்டேன். 'தேம்பு தண்ணீர் கடைசி ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதா?' என்று கேட்கப்போகிறேன். ஆபா இருந்திருந்தால் அவரும் அதைத்தான் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.